ஃபிர்மன் பெய்ரூவின் ஐந்தாவது விமானம்

பிரான்ஸில் எங்கள் பெரிகோர் பக்கத்துக்காரர்களுக்கு இரண்டு விஷயங்களில் அளவு தெரியாது. ஒன்று வாத்துக் கொழுப்பு, இன்னொன்று வாய். ஃபிர்மன் பெய்ரூவுக்கு இரண்டும் தாராளமாகவே வாய்த்திருந்தன. முதல் பெரிய யுத்தத்தில் ஆகாயத்தில் ஏறிச் சண்டை போட்டு நான்கு ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியவன் அவன். அதில் பொய்யே கிடையாது, முத்திரை குத்திய காகிதம் இருக்கிறது. ஆனால் ஊருக்கு அவன் எழுதிய கடிதத்தில் ஐந்து என்று இருந்தது. வம்பெல்லாம் அந்த ஒன்றால் வந்ததுதான்.

பிறந்தது லா ரோக்மார்த்தில். அப்பாவுக்கு வாத்துப் பண்ணை. வாத்தைத் தொடையிடுக்கில் பிடித்துக்கொண்டு, தொண்டையில் குழலை விட்டுச் சோளம் திணிப்பது குடும்பத் தொழில். ஃபிர்மனுக்கு அதில் நாட்டமில்லை. அவனுக்கு சைக்கிள் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களில் கலந்துகொள்வான். வளைவில் பிரேக் பிடிப்பது கோழைத்தனம் என்பது அவன் கொள்கை. ஆகவே தேவாலயத்துக்குப் பக்கத்துக் குளத்தில் மூன்று முறை விழுந்தான். மூன்று முறையும் பாசி வழிய எழுந்து வந்து சைக்கிளைத்தான் திட்டினான். தன்மேல் தப்பு இருக்கலாம் என்ற யோசனை அந்த வயதில் அவனுக்கு வந்ததேயில்லை.

யுத்தம் வந்ததும் காலாட்படையில் தள்ளினார்கள். எட்டு மாதம் பதுங்குகுழிச் சேற்றில் கிடந்தான். அப்போதுதான் விமானப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. விமானிகள் கட்டிலில் படுக்கிறார்கள், மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். தாய்நாடு, நீலவானம் என்று பிற்காலத்தில் அவன் மேடையில் அளந்ததெல்லாம் சும்மா. அவன் போனது கட்டிலுக்காக.

தேர்வு செய்த அதிகாரி ஒரு குதிரைப்படைக் கிழவர்.

"குதிரை ஏறுவியா?"

"சைக்கிள் ஓட்டுவேன், ஐயா."

"விழுந்திருக்கியா?"

"சைக்கிள் விழுந்திருக்கு. நான் விழுந்ததில்லே."

கிழவருக்கு அந்தப் பதில் ஏனோ பிடித்துப்போயிற்று. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பயிற்சி நடந்த இடத்தில் முதலில் கொடுத்தது இறக்கை வெட்டிய விமானம். அது பறக்காது, தரையில் கோணல்மாணலாக ஓடும். இரண்டு வாரம் அதில் புல்வெளியெல்லாம் சுற்றி, ஒரு வைக்கோல்போரையும் சமையல்காரரின் துணிக்கொடியையும் சாய்த்தபின், நிஜமான விமானத்தில் ஏற்றினார்கள். அந்தக் காலத்து எஞ்சினுக்கு ஊற்றியது விளக்கெண்ணெய். எஞ்சின் சுற்றச் சுற்ற அது புகையாகவும் சாரலாகவும் விமானியின் மூஞ்சியில் அடிக்கும். வாயை மூடிக்கொண்டாலும் பாதி உள்ளே போகும். இரண்டு மணி நேரம் பறந்துவிட்டு வருகிறவன் வயிறு என்ன பாடுபடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விமானம் நிற்பதற்குள் குதித்து, வணக்கம்கூட வைக்காமல், தோல் உடுப்பின் பொத்தான்களை அவிழ்த்துக்கொண்டே வேலி ஓரம் ஓடுவார்கள். விமானிகளைப் பற்றி மெய்சிலிர்க்க எழுதுகிற பத்திரிகைக்காரர்கள் இதை மட்டும் எழுதியதே இல்லை.

1916 வசந்தத்தில் கடும் சண்டை நடந்துகொண்டிருந்த வெர்டன் போர்முனைக்குப் பின்னால் இருந்த ஒரு படைக்குழுவுக்கு வந்து சேர்ந்தான். அங்கே அவன் துப்பாக்கியைப் பார்த்துக்கொள்ள அமைந்த ஆள் எலுவா பார்த். எங்கள் ஊர் நதிக்கு அக்கரையில் சூஷாக் ஊர்க்காரன். தையல் இயந்திரம் பழுது பார்த்தவன். கல்யாணமானவன், கைக்குழந்தை இருந்தது. ஒரு வார்த்தை பேச இரண்டு தடவை யோசிப்பான். ஃபிர்மனோ நேர்மாறு. எப்படியோ ஒத்துப்போயிற்று.

மூன்று மாதத்துக்குள் நான்கு விமானம். அதைப் பற்றி அவன் என்ன உதார் விட்டாலும், ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாவது விமானத்தில் இருந்தவன் கையை ஆட்டிக்கொண்டே விழுந்தான். அதை ஃபிர்மன் ஒரே ஒரு முறைதான் சொன்னான். சொல்லிவிட்டுச் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போனான்.

ஐந்து வீழ்த்தினால் 'ஆஸ்' என்று பட்டம். சீட்டுக்கட்டில் இருக்கிற அதே ஆஸ்தான். பத்திரிகையில் பெயர் வரும். ஆனால் விமானி தன் வாயால் சொன்னால் செல்லாது. தரையில் இருக்கிற யாராவது பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டும், மேலிடம் காகிதத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். விமானிகளின் வாயைப் பற்றி மேலிடத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஃபிர்மனுக்கு அந்த ஐந்தாவது ஏன் அவ்வளவு அவசரம் என்றால், காரணம் லியோனி. மருந்துக்கடை முஸ்யே, அதாவது திருவாளர், தெல்மாவின் பெண். தெல்மா ஊர் பாண்டு வாத்தியக் குழுவுக்கும் தலைவர். 'குளத்தில் விழுகிற பயலுக்கு என் பெண்ணா' என்று ஊர் கேட்கச் சொன்னவர். அவரை மடக்கத்தான் ஃபிர்மன் ஜூன் முதல் வாரம் கடிதம் எழுதினான்: ஐந்தாவது விழுந்துவிட்டது, ஆஸ் ஆகிவிட்டேன், காகிதம் வர வேண்டியதுதான் பாக்கி. எப்படியும் இருபதாம் தேதி விடுப்பில் ஊருக்குப் போவதற்குள் ஒன்று மாட்டாமலா போகும் என்பது அவன் கணக்கு.

பதில் உடனே வந்தது. ஜூன் இருபதாம் தேதி ரயிலடிக்குப் பாண்டு வருகிறது, மேயர் வருகிறார், அன்றைக்கே நிச்சயதார்த்தம் என்று தெல்மா தன் கைப்பட எழுதியிருந்தார். கூடவே அம்மா அனுப்பிய ஜாடி. கொழுப்பில் வதக்கிய வாத்துக்கறி, விளிம்பு வரை.

அதற்குப் பின் எட்டு நாள் மழை. ஒரு விமானமும் ஏறவில்லை. ஃபிர்மன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நகத்தைக் கடித்தான்.

ஜூன் பதினேழு காலையில் மழை விட்டு வானம் வெளுத்தது. பறப்பதற்குமுன் ஒரு வழக்கம் உண்டு. தோட்டாக்களை விமானியே பொறுக்குவான். ஒவ்வொன்றையும் விரலிடுக்கில் உருட்டிப் பார்த்து, வளைந்தது, வீங்கியது எல்லாவற்றையும் ஒதுக்கி, நல்லதை மட்டும், துப்பாக்கிமேல் மாட்டுகிற, நாற்பத்தேழு தோட்டா பிடிக்கும் வட்டில் அடுக்குவான். உயிர் அதில் இருக்கிறது, அடுத்தவன் கையில் விடமாட்டார்கள். எலுவாவின் வேலை துப்பாக்கி. அதைப் பெட்ரோலில் கழுவி, ஒரு பொட்டு எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து வைப்பான். நாலாயிரம் மீட்டர் உயரக் குளிரில் எந்தப் பசையும் கல்லாக உறைந்துவிடும். 'சாப்பாட்டுக் கையோட தோட்டாவைத் தொடாதே' என்று ஃபிர்மனிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான். அதிகம் பேசாதவன் பத்துத் தடவை சொன்னால் கேட்க வேண்டாமா?

ஃபிர்மன் அன்று முழங்காலில் அம்மாவின் ஜாடி, பக்கத்தில் ரொட்டி, மடியில் தோட்டா என்று உட்கார்ந்திருந்தான். ஒரு வாய் கறி, ஒரு தோட்டா. ஒரு வாய், ஒரு தோட்டா. இடையில் விரலைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டான், சுத்தம் பார்க்கிறவன் மாதிரி.

மேலே ஏறி இருபது நிமிஷத்தில் ஒரு ஜெர்மன்காரன் கிடைத்தான். சரியாகச் சொன்னால் ஜெர்மன்காரனுக்குத்தான் இவன் கிடைத்தான். பின்னால், சற்றுக் கீழே, ஒட்டிக்கொண்டு வந்தான். ஃபிர்மன் சட்டென்று வளைந்து திரும்பி அவனை நேருக்கு நேர் பிடித்து விசையை அழுத்தினான். டக். அவ்வளவுதான். முதல் தோட்டாவே சிக்கிக்கொண்டது. ஜெர்மன்காரன் மறுபடி பின்னால் வந்துவிட்டான்.

இப்படி அடைத்துக்கொண்டால் தட்டுவதற்கென்று ஒவ்வொரு விமானியிடமும் ஒரு மரச் சுத்தியல் இருக்கும். மணிக்கட்டில் கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும். ஃபிர்மன் கட்டவில்லை. துப்பாக்கி மேல் இறக்கையில் இருந்தது. முழங்கால்களுக்கு நடுவில் விமானத்தின் திருப்புக் கோலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, அம்மாவிலிருந்து தெல்மா வரை எல்லாரையும் திட்டிக்கொண்டு ஓங்கி அடித்தான். மூன்றாவது அடியில் சுத்தியல் கையிலிருந்து வழுக்கிப் பறந்தது. கையிலும் அதே வாத்துதான் இருந்தது.

அது நேராகப் போய் ஜெர்மன்காரனின் முன்விசிறியில் விழுந்தது. விசிறி உடைந்தது. எஞ்சின் உதறிக்கொண்டு நின்றுபோனது. அந்த ஆள் கதியில்லாமல் சறுக்கிக்கொண்டே இறங்கி பிரெஞ்சுப் படை இருந்த பக்கத்துப் பீட்ரூட் வயலில் மூக்கைக் குத்தி நின்றான். உயிருக்கு ஒன்றுமில்லை. பார்த்தவர்கள் இருநூறு பேர்.

ஃபிர்மன் கீழே இறங்கினான். ஐந்தாவது விழுந்துவிட்டது, சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் செத்துப் பிழைத்த நடுக்கம் அவனுக்குக் கோபமாகத்தான் வெளிப்படும். குதித்ததுமே கத்தினான்.

"துப்பாக்கி அடைச்சுக்கிட்டுது. எலுவா, என்னத்தைடா துடைச்சே? தூங்கிக்கிட்டே துடைச்சியா? கொல்லப் பாத்தியே என்னை!"

இதைக் கத்தியது படைக்குழுத் தலைவர் கேப்டன் மொரெல் முன்னால் மட்டுமல்ல. அன்று காலையில்தான் மேலிடத்திலிருந்து ஒரு மேஜர் காரில் வந்து இறங்கியிருந்தார். அவர் கையில் ஒரு உத்தரவு. பல படைக்குழுக்களில் துப்பாக்கிகள் அடைத்துக்கொள்கின்றன, இனி எந்தத் துப்பாக்கி அடைத்தாலும் அதைத் துடைத்தவனை மறுநாளே வெர்டன் பதுங்குகுழிக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. மேஜர் எலுவாவின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.  எலுவா விமானத்தில் ஏறித் தோட்டா வட்டைக் கழற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டான்.

பிடிபட்ட விமானிக்கு, சிறைக்கு அனுப்புமுன், ஒரு வேளை சாப்பாடு போடுவது அந்தப் படைக்குழுவில் வழக்கம். அந்த ஜெர்மன்காரன், லெஃப்டினன்ட் ஹென்னிங், நெற்றியில் கட்டோடு மேஜையில் உட்கார்ந்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கற்ற பிரெஞ்சு பேசினான்.

"மரியாதைக்குரிய ஐயா, தங்களிடம் ஒரு வினா உண்டு. தாங்கள் என்மீது எறிந்த அந்தப் பழுப்பு நிறப் பொருள் யாது? அது புதிய ஆயுதமா?"

மேஜையைச் சுற்றி எல்லாத் தலைகளும் ஃபிர்மன் பக்கம் திரும்பின.

"சுத்தியல்," என்றான் ஃபிர்மன்.

"சுத்தியலா?"

"மரச் சுத்தியல்."

ஹென்னிங் கரண்டியைக் கீழே வைத்தான். "இதை நான் என் தாயாருக்கு எழுத இயலாது," என்றான். கேப்டன் மொரெல் ஒயினைப் புரையேற்றிக்கொண்டு சிரித்தார். மேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

"சார்ஜன்ட், ஒரு குண்டுகூட சுடலையா?"

ஃபிர்மனுக்கு ரயிலடியும் பாண்டும் கண்முன் வந்து நின்றன. "ஒண்ணு ரெண்டு போயிருக்கும்னு நினைக்கிறேன், ஐயா."

"பட்டுதா?"

"பட்டிருக்கும்."

"அப்போ சரி. குண்டு பட்டு விழுந்தான், அதுக்கப்புறம் எலுவா பார்த்தோட அஜாக்கிரதையாலே துப்பாக்கி அடைச்சுது. அப்படி எழுதிடறேன். எதிரி உளர்றதை யார் கேக்கப்போறா? சுத்தியலுக்கெல்லாம் மேலிடம் ஆஸ் பட்டம் கொடுக்காது, தம்பி. மூணு மணிக்கு வந்து கையெழுத்துப் போடு."

ஒரே தாளில் இரண்டு பேர் தலையெழுத்து. ஃபிர்மன் கொட்டகைக்குப் போனான். எலுவா பையில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். மேஜையில் தோட்டா வட்டு, சிக்கியதையும் சேர்த்து நாற்பத்தேழும் அப்படியே.

"எலுவா, நான் சும்மா கத்தினேன்டா. அந்த மேஜர் நிக்கிறது எனக்குத் தெரியாது."

எலுவா ஒரு தோட்டாவை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான். பித்தளையில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் ரேகை படிந்திருந்தது. இன்னொன்றை வைத்தான். அதிலும் அதே ரேகை.

"மோந்து பாரு," என்றான்.

ஃபிர்மன் மோந்து பார்க்கவில்லை. வாசனை தானாகவே வந்தது. அவன் அம்மாவின் அடுப்படி வாசனை.

"நீ ஏன் சொல்லலை? அங்கேயே சொல்லியிருக்கலாமே."

"நீ சொல்வேன்னு பாத்தேன்."

"இருபதாம் தேதி பாண்டு வருதுடா. மேயர் வர்றாரு. தெல்மா வர்றாரு."

"தெரியும். அந்தக் கடிதத்தை எனக்குத்தான் முதல்லே படிச்சுக் காட்டினே."

"உன்னைக் கண்டிப்பா முன்வரிசையிலேதான் போடுவாங்கன்னு என்ன நிச்சயம்?"

 எலுவா பையிலிருந்து குழந்தையின் படத்தை எடுத்து, ஈரம் படாமலிருக்க மெழுகுத் துணியில் சுற்றி, மறுபடி உள்ளே வைத்தான். பதுங்குகுழி எப்படி இருக்கும் என்று ஃபிர்மனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மாதம் கிடந்தவன்தானே. அதுவும் வெர்டன். போகிற சாலையில் லாரிகள் நிரம்பிப் போகும், பாதி காலியாகத் திரும்பும். அதை எல்லாரும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மூன்று மணி வரை ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி நடந்தான். எஞ்சினைத் திட்டிப் பார்த்தான், குளிரைத் திட்டிப் பார்த்தான், துப்பாக்கி செய்தவனைத் திட்டிப் பார்த்தான். அம்மாவைக்கூடத் திட்டலாமா என்று யோசித்தான். ஒன்றும் ஒட்டவில்லை. என்ன பாவமோ, அந்த ஒரு நாள் பழி போட அவனுக்கு ஒரு சைக்கிளும் கிடைக்கவில்லை.

மூன்று மணிக்கு மேஜருக்கு முன்னால் தோட்டா வட்டை வைத்தான்.

"எண்ணிக்குங்க ஐயா. நாற்பத்தேழு இருக்கு. ஒண்ணும் சுடலை. துப்பாக்கி சுத்தமா இருந்துது. கொழுப்பு என்னோடது."

"என்ன கொழுப்பு?"

"வாத்துக் கொழுப்பு. எங்கம்மா அனுப்பினது. தின்னுக்கிட்டே பொறுக்கினேன்."

மேஜர் ஒரு தோட்டாவை மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதை எழுதினா உனக்கு அந்த ஐந்தாவது கிடையாது. தெரியுதா?"

"தெரியுது."

"எதிரி விமானம், இயந்திரக் கோளாறால் தரையிறங்கியது. அப்படித்தான் போகும்."

"போகட்டுங்க."

"விடுப்பு முடிஞ்சு வந்ததும் எட்டு நாள் சிறை."

"விடுப்பையே சிறையிலே கழிச்சுடறேனே, ஐயா," என்றான் ஃபிர்மன். மனதாரத்தான் கேட்டான். கொடுக்கவில்லை.

இருபதாம் தேதி ரயில் லா ரோக்மார்த்தில் நின்றபோது பாண்டு முழங்கிற்று. 'எங்கள் ஆஸ்' என்று சிவப்புத் துணியில் தைத்து, கீழே பெரிதாக ஐந்து போட்டிருந்தார்கள். ஃபிர்மன் பெட்டியிலிருந்து இறங்கி, நேராக தெல்மாவிடம் போய், அவர் ஆட்டிக்கொண்டிருந்த கோலைப் பிடித்து நிறுத்தினான். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பெரிய முரசு அடிக்கிற தபால்காரருக்குக் காது மந்தம், அவர் மட்டும் இன்னும் நாலு தட்டுத் தட்டினார்.

"நாலுதான், முஸ்யே தெல்மா. அஞ்சுன்னு எழுதினது பொய். அப்புறம் ஒண்ணு விழுந்துது, அது சுத்தியல் பட்டு விழுந்துது."

எல்லாவற்றையும் சொன்னான். கொழுப்பு, கயிறு, மேஜர், எலுவா. மேயர் தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். தெல்மாவின் முகம் துணியைவிடச் சிவந்தது.

"துணி எங்க கடை செலவு, தெரியுமாடா உனக்கு?" என்றார் கடைசியில்.

லியோனி முன்னால் வந்தாள். "மூணு தடவை குளத்திலே விழுந்தே. மூணு தடவையும் சைக்கிள் மேலே பழி போட்டே. இப்போ மட்டும் என்ன வந்துது உனக்கு?"

"இந்தத் தடவை சைக்கிளுக்குப் பெண்டாட்டி புள்ளை இருக்கு," என்றான்.

 லியோனி அப்பாவிடம் திரும்பி, "வாசிங்கப்பா. வந்தவங்க சும்மாவா போறது?" என்றாள். வாசித்தார்கள். நிச்சயதார்த்தம் அன்று நடக்கவில்லை, இரண்டு வருஷம் கழித்து நடந்தது. தெல்மா விருந்துக்கு வந்தார், ஆனால் மாப்பிள்ளை எதிரே உட்கார மறுத்துவிட்டார்.

ஃபிர்மனுக்கு அதற்குப்பின் ஐந்தாவது விழவே இல்லை. அந்த இலையுதிர் காலத்தில் தோளில் குண்டு பாய்ந்து, மீதி யுத்தத்தை இறக்கை வெட்டிய விமானங்களில் பையன்களுக்குப் பாடம் சொல்லியே கழித்தான். ஊர் திரும்பி மோட்டார் பட்டறை வைத்தான். ஊரின் முதல் பஸ்ஸை ஓட்டினான், அதிலும் வளைவில் பிரேக் பிடிக்கமாட்டான். கடையில் யாராவது எத்தனை விமானம் என்று கேட்டால் நாலு என்பான். இரண்டாவது கோப்பை உள்ளே போனதும் ஐந்து என்பான். பழைய புருடா, கிழவனானாலும் போகவில்லை என்று எல்லாரும் சிரிப்பார்கள். எலுவா மட்டும் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

யுத்தம் முடிந்த நாளான நவம்பர் பதினொன்றாம் தேதி, ஒவ்வொரு வருஷமும், எங்கள் ஊரில் மேயர் பேசுவார், பதக்கக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். ஃபிர்மனின் இடம் காலியாக இருக்கும். அவன் பாலத்தைக் கடந்து சூஷாக் போய்விடுவான். அங்கே சதுக்கத்தில் செத்தவர்கள் பெயரைப் பொறித்த கல் இருக்கிறது. சின்ன ஊர், ஆனாலும் முப்பத்தொரு பெயர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பெயரில் விரலை வைத்து, ஒன்று விடாமல் கடைசி வரை படிப்பான். 'ப' வரிசையில், பார்த் என்ற பெயர் வந்திருக்கக்கூடிய இடத்தில் மட்டும், இரண்டு தடவை.

எதிர்வரிசையில் தையல் இயந்திரக் கடை. எலுவா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

"இருக்கா?" என்று கேட்பான்.

"இல்லே."

"அப்போ வந்து உக்காரு. கறி ஆறுது."